கருவளையத்தோடு மலை வண்டி ஓட்டினவன்

பஸ் ஓட்டுகிறவனுக்குக் கையும் காலும்தான் முக்கியம் என்று வெளியில் இருக்கிறவர்கள் நினைக்கிறார்கள். வண்டியில் ஏறுகிற சனம் முதலில் பார்ப்பது அவன் கண்ணை. அந்தக் கண்ணை வைத்து எனக்கு முதல் கெடுதல் செய்தவர் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் எங்கள் கம்பெனி டைம்கீப்பராக இருந்த கோதண்டம். பேரை முதலிலேயே எழுதிவிடுகிறேன். லிங்கம் வயசாகி மறந்துவிட்டான் என்று பின்னால் யாரும் சொல்லக்கூடாது.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவன். முப்பது வருஷத்துக்கு மேல் தனியார் வண்டி ஓட்டினவன். என் கண்ணுக்குக் கீழே ரெண்டு பக்கமும் அரை நிலா மாதிரி கருப்பு. இன்று நேற்று வந்ததில்லை. எங்கப்பாவுக்கு இருந்தது, எங்க அத்தைக்கு இருந்தது. குடும்பத்தில் நிலம் பாகம் பிரித்தபோது அண்ணன்களுக்கு நஞ்சை போனது, எனக்கு இது வந்தது. மற்றபடி எனக்குத் தூக்கத்தில் ஒரு குறையும் கிடையாது. எட்டு மணிக்குப் படுத்தால் காலை அஞ்சு மணிக்குத்தான் எழுவேன். நடுவில் வீட்டில் திருடன் வந்து போனதுகூட எனக்குத் தெரியாது.

உங்களில் யாருக்காவது இதே கருப்பு இருந்தால் உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. உடம்பு சரியில்லையா, வீட்டில் சண்டையா, ராத்திரி தூங்கலையா என்று ஒரு நாளைக்கு எத்தனை பேர் கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். பளிச்சென்று முகம் உள்ள மற்றவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மைக்கில் போன பேர்

அப்போது நான் திருக்கோவிலூர் வழியாகத் திருவண்ணாமலை போகிற வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கம்பெனியில் அதுதான் ராஜா வண்டி. புது டயர், பாட்டுப் பெட்டி, கண்ணாடிக்கு மேலே மாலை போட்ட முருகன் படம். ஒருநாள் காலையில் ஆள் நிறைந்து வண்டி புறப்பட நிற்கிறது. ஸ்டாண்டு ஓரத்தில் தகரக் கூண்டுக்குள் மைக்கோடு உட்கார்ந்திருந்த கோதண்டம் என் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ நாள் பார்த்த முகம்தான். அன்றைக்கு அவருக்கு என்ன தோன்றியதோ, மைக்கைத் தட்டினார். திருவண்ணாமலை வண்டி டிரைவர் லிங்கம் குழாயில் போய் நன்றாக முகம் கழுவிக்கொண்டு வண்டியை எடுக்கவும், தூக்கக் கலக்கத்தில் எடுக்க வேண்டாம் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

பஸ் ஸ்டாண்டே திரும்பி என்னைப் பார்த்தது. என் வண்டியிலிருந்து எட்டுப் பேர் இறங்கினார்கள். எண்ணி வைத்திருக்கிறேன். ஒன்பதாவது ஆளும் இறங்கினார், ஆனால் அவர் வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பி ஏறிவிட்டார். அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. எட்டுப் பேரும் பக்கத்தில் நின்ற கவர்ன்மெண்டு வண்டிக்குப் போனார்கள். அந்த வண்டி டிரைவர் உண்மையிலேயே அப்போது ஸ்டீயரிங் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் கண்ணுக்குக் கீழே வெள்ளை வெளேர் என்று இருந்ததால் யாருக்கும் பயமில்லை.

சாயங்காலத்துக்குள் சேதி முதலாளி காதுக்குப் போனது. நான் என் பிறப்பைச் சொன்னேன், அப்பாவைச் சொன்னேன், அத்தையைச் சொன்னேன். முதலாளி நல்ல மனுஷன்தான். மைக்கில் போன பேர் மைக்கில்தான் திரும்பி வரவேண்டும், கோதண்டமே மாற்றிச் சொல்லட்டும், அதுவரைக்கும் மலை வண்டியை எடு என்று சொல்லிவிட்டார். மலை வண்டி என்றால் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலை போகிற வண்டி. எங்கள் கம்பெனியில் அது தண்டனை. நான் நேராகத் தகரக் கூண்டுக்குப் போய், அண்ணே, ஒரே ஒரு வார்த்தை, என் கண் பிறவியிலேயே அப்படி என்று மைக்கில் சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். அவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னது இது:

"மூஞ்சி கழுவச் சொன்னது ஒரு குத்தமா லிங்கம்? நான் இன்னா, ஒன்ன குடிகாரன்னா சொன்னேன்?"

வெள்ளரிக்காய்

மலை வண்டியில் எனக்குக் கண்டக்டர் பாவாடை. வெளியூர்க்காரர்கள் சிரிக்க வேண்டாம். எங்கள் பக்கம் அது ஆம்பிளைப் பேர். கருப்பு போய்விட்டால் கோதண்டத்திடம் கெஞ்ச வேண்டியதில்லையே என்று பாவாடை கணக்குப் போட்டான். அவனுக்குத் தெரியாத வைத்தியம் கிடையாது. விளக்கெண்ணெய் தடவச் சொன்னான். தடவினேன், ரோட்டுத் தூசி எல்லாம் கண்ணுக்குக் கீழே வந்து உட்கார்ந்து கருப்பு இரண்டு மடங்கு ஆனது. உருளைக்கிழங்கைத் துருவிக் கட்டச் சொன்னான். கட்டிக்கொண்டு வெள்ளிமலையில் வண்டிக்குள் படுத்திருந்தேன், மாடு ஒன்று ஜன்னல் வழியாகத் தலையை விட்டது. பாலாடை போட்டால் எறும்பு. உங்களுக்கும் இதெல்லாம் யாராவது சொல்லியிருப்பார்கள். சொன்னவர் யாருக்காவது கருப்பு இருந்து பார்த்திருக்கிறீர்களா? இருக்காது.

கடைசியில் வெள்ளரிக்காய். பிஞ்சாக வாங்கி வட்டமாக அரிந்து கண் மேல் வைத்துக்கொண்டு, டிரிப்புக்கு டிரிப் அரை மணி நேரம் சீட்டில் சாய்ந்து கிடப்பேன். கச்சிராயபாளையத்தில் கூடையோடு வண்டியில் ஏறி விற்கிற பொன்னம்மாவிடம்தான் வாங்குவேன். நான் எதற்கு வாங்குகிறேன் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஒரு மாசம் கழித்து ஒருநாள் கூடையோடு ஏறியவர், கண் மேல் ரெண்டு வில்லையோடு படுத்திருந்த என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து வண்டியில் நாலு பேர் வாங்கக் கை நீட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்கள். கண் நோவுக்கு வைக்கிற சாமான் போலிருக்கிறது என்று ஒருத்தர் சொல்ல, அன்றைக்குக் கூடை விலை போகவில்லை. பொன்னம்மா என் பக்கத்தில் வந்து ரெண்டு வில்லையையும் எடுத்து வெளியே எறிந்தார்.

"வாயிக்கு வெக்கிறத கண்ணுக்கு வெச்சிக்கினு கெடக்கிறியே, இன்னும் கொஞ்ச நாள் போனா சோத்த எங்க வெப்ப?"

என்ஜின் பெட்டி

மலை ஏற்றத்தில் ஊசி வளைவுகள் வரிசையாக வரும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். முதல் வாரத்திலேயே மலைச் சனம் என் கண்ணைப் பார்த்துவிட்டது. கீழ்நாட்டுக்காரர்கள் மாதிரி அவர்கள் இறங்கிப் போய்விட முடியாது. ஏறினால் எங்கள் வண்டி, இல்லாவிட்டால் நடை. எனவே அவர்களுக்குள் கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். டிரைவர் பக்கத்தில் என்ஜின் மேல் ஒரு பெட்டி மூடி இருக்குமே, அதன் மேல் சாக்கைப் போட்டு டிரிப்புக்கு ஒரு ஆள் உட்கார வேண்டியது. வண்டி மலை ஏறி முடிக்கும் வரைக்கும் என்னோடு பேச வேண்டியது. நான் தூங்கிவிடாமல் இருக்க இது அவர்கள் செய்த காவல். யாருக்கு எந்த நாள் முறை என்று எழுதிக் கொடுத்தவர் மலைப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த சூசை வாத்தியார். கீழே தியாகதுருகம் பக்கத்துக் கிறிஸ்தவர். திங்கட்கிழமை ஏறினால் வெள்ளிக்கிழமைதான் இறங்குவார். திங்கட்கிழமை முறை அவருடையது.

எனக்குத் தூக்கம் வராது, நான் தூங்கிவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று முதலில் எல்லாரிடமும் சொன்னேன். நம்பவில்லை. தூக்கம் வருகிறவன் எவன் ஒத்துக்கொள்வான் என்றார்கள். சரி, பேசட்டும் என்று விட்டுவிட்டேன். விட்டதுதான் என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியம். சாமைக்கதிர் அறுப்பு, பன்றி விரட்டின கதை, மாமியார் சண்டை, எந்தப் பலா மரம் எந்த வருஷம் ஏமாற்றியது, எந்தப் பெண் எவனை வேண்டாம் என்று சொன்னாள், எல்லாம் எனக்கு வந்து சேர்ந்தது. சூசை வாத்தியார் மட்டும் தமிழ் மாசத்தின் பேரும் வாய்ப்பாடும் கேட்பார். அஞ்சாவதோடு நின்ற நான் பதினாறாம் வாய்ப்பாடு படித்தது மூன்றாம் கியரில்தான்.

இதில் மன்னன் சடையன். கடுக்காய் மூட்டையோடு சந்தைக்கு வந்து போகிறவர். தன் தம்பி தேன் எடுக்கப் போய்ப் பாறையில் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தார். தம்பி கயிற்றில் தொங்குகிறான், கீழே கரடி நிற்கிறது, அந்த இடத்தில் அவர் இறங்குகிற கரியாலூர் வந்துவிட்டது. அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் அவர் முறை வந்தபோது கதை முடிய வேண்டுமே என்று வளைவுக்கு வளைவு மெதுவாக ஏற்றினேன். தம்பி பிழைத்தான், வண்டி இருபது நிமிஷம் லேட். லேட்டுக்குக் காரணம் என்ன என்ற இடத்தில் கோதண்டம், டிரைவர் தூக்கக் கலக்கம் என்று எழுதி வைத்தார். இதையும் நான் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொரு நாள் சடையன் பேசிக்கொண்டே வந்தார், பேச்சு திடீரென்று நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் என் தோளில் சாய்ந்து குறட்டை விடுகிறார். என்ஜின் சூட்டில் இதமாக இருந்திருக்கும். வண்டிக்குள் எல்லாரும் சிரித்து அவரை எழுப்பினார்கள். காவல்காரரே தூங்கலாமா என்று பாவாடை கேட்டான். அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நான் தூங்கினா என் ஒருத்தனுக்குத்தான் கதை போவும். அவரு தூங்கினா இத்தினி பேரு கதையும் போயிடும். அவரு முளிச்சிக்கினுதானே கீறாரு?"

ஊது

மலை அடிவாரத்தில் ஒரு செக்போஸ்ட். மலையிலிருந்து சாராயம் இறங்குகிறதா என்று பார்க்க அங்கே ஒரு போலீஸ்காரர் நிற்பார். என் கண்ணைப் பார்த்த நாளிலிருந்து, இறங்குகிற ஒவ்வொரு டிரிப்புக்கும் வண்டியை நிறுத்தி, ஜன்னல் பக்கம் மூக்கைக் கொண்டுவந்து, ஊது என்பார். ஊதுவேன். ஒன்றும் இருக்காது. அவருக்கு அதில் ஒரு வருத்தம். முகம் சொல்கிறது குடித்திருக்கிறான் என்று, மூக்கு சொல்கிறது இல்லை என்று. இரண்டில் எதை நம்புவது என்று பாவம் மனுஷன் திண்டாடினார்.

பூண்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு ஊதியிருக்கிறேன், கருவாடு சாப்பிட்டுவிட்டு ஊதியிருக்கிறேன். கோதண்டத்தை நினைத்துக்கொண்டு கோபத்தோடு ஊதியும் இருக்கிறேன். அவர் மூக்கைப் பின்னால் இழுத்ததே கிடையாது, கடமை தவறாதவர். மூணு வருஷம் கழித்து அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கடைசி நாள் வண்டியை நிறுத்தினார். பழக்கத்தில் நானே தலையை நீட்டி ஊதப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு என் தோளைத் தட்டினார்.

"மூணு வருசம் ஊதிட்ட. ஒரு நாளாச்சும் வாசனை வந்திருந்தா நான் நிம்மதியா போயிருப்பேன்யா."

புளியமரத்துக்கு இந்தப் பக்கம்

இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டு மறியல் நடந்த வருஷங்கள் அவை. அந்த நாட்களில் அழுவதற்கும் நிறைய நடந்தது. அதை எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும். எனக்கு நடந்ததை மட்டும் நான் எழுதுகிறேன்.

ஒருநாள் காலை முதல் டிரிப்பில் வெள்ளிமலையிலிருந்து சந்தைச் சனத்தை ஏற்றிக்கொண்டு இறங்கினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கரும்புக் காட்டுக்கு நடுவே, ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் படுத்திருந்தது. வண்டியை நிறுத்தினேன். மறியல் செய்தவர்கள் கரும்புக் காட்டு ஓரத்தில் பொங்கல் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தர் வண்டிக்குப் பக்கத்தில் வந்து என் முகத்தைப் பார்த்ததும் உருகிவிட்டார். நாம்தான் கண் மூடாமல் கிடக்கிறோம் என்று நினைத்தால் இந்த மனுஷன் நம்மைவிட மோசமாக இருக்கிறாரே என்று சொல்லிக் கையைப் பிடித்து இறக்கினார். எனக்கும் பசி. என்ஜின் சூட்டில் வேர்த்து நனைந்திருந்த காக்கிச் சட்டையைக் கழற்றி சீட்டில் போட்டுவிட்டு, பனியனோடு போய் அவர்களோடு பந்தியில் உட்கார்ந்தேன். முந்திரி போட்ட பொங்கல். ரெண்டாம் முறை வாங்கும்போது போலீஸ் வேன் வந்தது.

வந்த அதிகாரி புத்திசாலி. மரம் விழுந்தது ராத்திரி, வெட்டினவன் தூங்கியிருக்க மாட்டான், எனவே கண்ணைப் பார் என்று சொல்லிவிட்டார். எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்கள். உண்மையாக வெட்டினவர்கள் விடிகாலையில் மரத்தடியிலேயே நன்றாகத் தூங்கி எழுந்து, வாய்க்காலில் குளித்து, திருநீறு பூசிக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார்கள். வரிசையில் என் முன்னால் வந்ததும் அதிகாரிக்குத் தேடின பொருள் கிடைத்த சந்தோஷம். உள்ளங்கையைக் காட்டச் சொன்னார். ஸ்டீயரிங் பிடித்துக் காய்ப்புக் காய்த்த கை. கோடாலிக் கை என்று முடிவானது. நான் டிரைவர் என்றேன். வண்டியைக் காட்டினேன். பாவாடை விசிலை ஊதிக்கொண்டே ஓடி வந்தான். மலைச் சனம் மொத்தமும் இறங்கி வந்து இவர் எங்கள் டிரைவர் என்றது. அதிகாரி அத்தனை பேரையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம் மட்டும், ஒரு வாத்தியார் மக்குப் பையனிடம் சொல்லுகிற மாதிரி, பொறுமையாகச் சொன்னார்:

"நாப்பது பேரு பொய் சொல்லலாம்பா. கண்ணு பொய் சொல்லாது."

காதில் சொன்னது

பிடித்தவர்களைக் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். அந்த வருஷங்களில் மண்டபங்களில் கல்யாணத்தைவிட இதுதான் ஜாஸ்தி. உள்ளே போனதும் எனக்கு ராஜ மரியாதை. நான்தான் மரத்தை வெட்டினேன் என்று சேதி எனக்கு முன்னால் போயிருந்தது. மத்தியானச் சாப்பாடு ஆனதும் எல்லாரும் தரையில் வரிசையாகப் படுத்துத் தூங்கிவிட்டார்கள். எத்தனை நாள் அலுப்போ. நான் ராத்திரி நன்றாகத் தூங்கினவன். எனக்குத் தூக்கம் வரவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். காவலுக்கு நின்றவர்கள் அதிகாரியிடம் போய், எல்லாரும் தூங்குகிறார்கள், அந்த ஆள் மட்டும் இன்னும் தூங்கவில்லை, அவன்தான் தலைவன் போலிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். என்னைத் தனியாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

வெளியே மலைச் சனம் வந்து சேர்ந்தது. வண்டியைப் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, மூட்டை முடிச்சோடு நடந்தே வந்திருக்கிறார்கள். யாரோ ஒருத்தர் தோளில் பலாப்பழம். லீவுக்கு அதே வண்டியில் இறங்கியிருந்த சூசை வாத்தியார் தலைமை. அவர் ஒரு பேப்பரில், இந்த டிரைவர் மலைப் பாதையில் ஒரு தடவைகூடக் கண் அசந்ததில்லை என்று எழுதி எல்லாரிடமும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கியிருந்தார். அவர்கள் என்னை நம்பாமல்தானே என்ஜின் பெட்டியில் ஆள் வைத்தார்கள் என்று எனக்கு ஒரு கணக்கு பாக்கி இருந்தது. அதை அன்றைக்குக் கோடு போட்டு அடித்துவிட்டேன். நான் அடித்த கணக்கு வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

பேப்பர் பலிக்கவில்லை. சாயங்காலம் முதலாளி அனுப்பி, டைம்கீப்பர் கோதண்டமே வந்தார். எனக்கு உள்ளே சந்தோஷம் பொங்கியது. மண்டபத்தில் மேடை இருக்கிறது, மேடையில் பேர் கூப்பிடுகிற மைக் இருக்கிறது, ஊர் சனம் பாதி அங்கேதான் இருக்கிறது. இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? கோதண்டம் அதிகாரி பக்கத்தில் போனார். குனிந்தார். காதில் ஏதோ சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்தார், மறுபடியும் கிட்ட வந்து பார்த்தார், விரலால் என் கண்ணுக்குக் கீழே தேய்த்தும் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, போகலாம் என்றார்.

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. அண்ணே, காதில் சொன்னதை அந்த மைக்கில் சொல்லுங்கள், அப்புறம் எழுந்து வருகிறேன் என்றேன். போலீஸ்காரர்களே திகைத்துப்போனார்கள், வெளியே போ என்று சொல்லியும் போகாத கைதியை அவர்கள் பார்த்ததில்லை. கடைசியில் சடையனும் பாவாடையும் வந்து ரெண்டு கையிலும் பிடித்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் முதலாளி கூப்பிட்டு, போனது போகட்டும், திருவண்ணாமலை வண்டியை நீயே எடுத்துக்கொள் என்றார். மைக்கில் சொல்லாமல் அந்த வண்டியில் ஏறமாட்டேன் என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அப்படித்தான் ரிடையர் ஆகிற வரைக்கும் நான் மலை வண்டியிலேயே இருந்தேன். உண்மையைச் சொன்னால், சடையனின் தம்பி அப்போது மறுபடியும் தேன் எடுக்கப் போயிருந்தான். கதையை நடுவில் விட்டுவிட்டு எப்படிப் போவது? ஆனால் இதை நான் கோதண்டத்திடம் சொல்லவில்லை. மண்டப வாசலில் அவர் என்னிடம் சொன்னதைத்தான் நெஞ்சில் வைத்திருந்தேன்:

"வெளிய வுட்டதே பெருசு. மைக்காம் மைக்கு. வாய மூடிக்கினு வூட்டுக்குப் போயி நல்லா தூங்கு."

முதல் பந்தி

பல வருஷம் கழித்துத் திருக்கோவிலூரில் கோதண்டம் தன் கடைசி மகனுக்குக் கல்யாணம் வைத்தார். வேலையை விட்டு நின்ற பிறகு அவர் குடியிருந்தது அங்கேதான். எனக்கும் பத்திரிகை வந்தது. பாவாடை போகாதே என்றான். நான் போனேன், ஏனென்றால் கல்யாண வீட்டில் மைக் இருக்கும், எதிரில் சனம் இருக்கும், பெரியவர் மனசும் அன்றைக்கு இளகியிருக்கும். முந்தின நாள் சாயங்காலமே படுத்துத் தூங்கி, சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, முன் வரிசையில் நடு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

தாலி கட்டி முடிந்ததும் கோதண்டம் மைக்கை வாங்கினார். பழைய குரல் அப்படியே இருந்தது. சம்பந்திக்கு நன்றி சொன்னார், சமையல்காரருக்கு நன்றி சொன்னார், வாழைமரம் கொடுத்தவருக்குச் சொன்னார். அப்புறம் அவர் பார்வை என் மேல் வந்து நின்றது. தொண்டையைச் செருமினார். நான் நாற்காலி நுனிக்கு வந்தேன். நம்ம கம்பெனியில் மலை வண்டி ஓட்டின டிரைவர் லிங்கம் வந்திருக்கிறார், எல்லாரும் பாருங்கள், அவரைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார். முன்னூறு தலை என் பக்கம் திரும்பியது. நான் எழுந்து கையைக் கூப்பி நின்றேன். கோதண்டம் கண் கலங்கி, உண்மையான பாசத்தோடு, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"பாவம், எங்கியோ இருந்து ராவெல்லாம் தூங்காம கண்ணு முளிச்சிக்கினு வந்திருக்காரு. மொத பந்தியில அவருக்கு எல போடுங்கப்பா, சாப்ட்டுட்டுப் போயி படுக்கட்டும்."

ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டுக் கேட்டவர்களுக்கு அரசாங்கமே ஒருநாள் இறங்கி வந்து கொடுத்துவிட்டது. ஒரு செடியைக்கூடக் கிள்ளாமல் மரியாதையாகக் கேட்ட எனக்கு, டைம்கீப்பர் கோதண்டம் இன்னும் கொடுக்கவில்லை.